தவறி விழுந்தவர்கள்

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அந்தச் செய்திக்கு எப்போதும் ஒரே அளவுதான்: ஒற்றைப் பத்தி, ஆறேழு வரி. தலைப்பும் ஏறக்குறைய ஒன்றே. தென்னை மரத்தில் இருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி. சில நாள் தென்னை மரம் சாரமாக மாறும், இன்னொரு நாள் மாடியாக, கிணறாக மாறும். மாறாதது ‘தவறி’ என்ற சொல். இறந்தவரின் ஊர், வயது, உடல் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனது, எந்தக் காவல்நிலையம் வழக்குப் பதிந்தது என்பதோடு செய்தி முடியும். கயிறு எத்தனை நாள் பழையது, மரம் ஈரமாக இருந்ததா, அன்றைக்கு அது எத்தனையாவது மரம் என்று கேட்டிருக்க மாட்டார்கள். யார் தவறினார் என்பதைத்தான் தலைப்பே சொல்லிவிட்டதே.

காவல்துறைக்கு அந்தச் சொல் வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. இயற்கைக்கு மாறான மரணங்களை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் விசாரித்தார்கள். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் விசாரிக்கிறார்கள். மேலிருந்து விழுந்த உடல் கிடைத்தால் அங்கே முதலில் தெரிய வேண்டியது மூன்றில் ஒன்று. யாராவது தள்ளினார்களா, தானே குதித்தாரா, தவறினாரா? முதல் இரண்டும் இல்லை என்று தெளிந்ததும் மூன்றாவது மிஞ்சுகிறது. பெரும்பாலும் கோப்பும் அத்தோடு மூடப்படுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரணத் தொகுப்பிலும் ‘விழுதல்’ ஓர் இனம், ‘தொழிற்சாலை மற்றும் இயந்திர விபத்து’ வேறோர் இனம். கூலிக்கு மரம் ஏறி விழுந்தவர் முதல் இனத்தில்தான் போய்ச் சேருவார், மொட்டை மாடியில் பட்டம் விட்டு விழுந்த சிறுவனுக்குப் பக்கத்தில். அவர் வேலைக்குப் போன இடத்தில் செத்தார் என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.

இதில் மொழிக்கும் பங்கு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தமிழில் வழுக்குவதைக் குறிக்கும் சொற்களையும் குற்றத்தைக் குறிக்கும் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கு, வழு. தவறுதல், தவறு. கால் பிசகுவதும் பிசகு, கணக்குப் பிசகுவதும் பிசகு. சறுக்கல் என்றால் இன்று தேர்தல் தோல்வி. திருக்குறளின் கேள்வி அதிகாரத்தில் ‘இழுக்கல்’ என்பது வழுக்கு நிலம். அங்கே நடப்பவனுக்கு ஊன்றுகோல் தேவை என்பது உவமை. அந்தச் சொல்லுக்கு உறவான ‘இழுக்கு’ என்றால் அவமானம். விழுந்தவன் எழுந்திருப்பதற்குள் சொல் அவன் மேல் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

ஆனால் பேச்சு அப்படி இல்லை. திண்டுக்கல் பக்கத்துச் சமையற்கட்டில் அண்டா தூக்கிக்கொண்டு வருபவரைப் பார்த்து, “பாத்து வாங்கண்ணே, தரை வழுக்குது” என்பார்கள். வழுக்குவது தரை, எழுவாய் அதுதான். ‘கல் தடுக்கிருச்சு’, ‘நிலைப்படி இடிச்சிருச்சு’ என்கிறோம். கல்லும் படியும் அங்கே வினை செய்கின்றன. வேலை செய்கிறவர் வாயில் குற்றவாளியாக நின்ற தரை, எழுத்துக்குப் போகும்போது காணாமல் போகிறது. விபத்து ஆராய்ச்சி என்று உலகம் முழுக்க நடப்பதை ஒரு வரியில் சொன்னால், அந்தத் தரையை மறுபடி எழுவாய் ஆக்கும் வேலை.

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரிலிருந்து தொடங்கலாம். கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், குடகனாற்று நீரில் வாழும் ஊர். மேற்கே காமராசர் அணை, சுற்றிலும் சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், செம்பட்டி. போகிற வழியெல்லாம் தென்னை. அய்யம்பாளையம் நெட்டை என்று ஒரு தென்னை இரகத்துக்கே இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர் உண்டு. நெட்டை என்றால் நெட்டையேதான். முதிர்ந்த மரம் அறுபது அடியைச் சாதாரணமாகத் தாண்டும். நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்கு ஒரு முறை தேங்காய் வெட்டு. ஒருவர் ஒரு நாளில் முப்பது மரம் ஏறி இறங்கினால், ஏற்றமும் இறக்கமுமாக மூவாயிரத்து அறுநூறு அடி. இடுப்பில் அரிவாள், காலில் தளைக்கயிறு.

அறுபது அடியிலிருந்து விழும் உடல் தரையைத் தொட இரண்டு நொடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 68 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பள்ளிக்கூட இயற்பியல் கணக்குதான். கீழே மணல் இருந்தால் என்ன, வரப்பு இருந்தால் என்ன.

மரம் ஏறுவது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து மரத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஏறுகிறவருக்குத்தான் தெரியும். தண்டு அவ்வளவு மோசம் இல்லை. தளை பிடிக்கும், கைகள் கட்டிக்கொள்ளும், தாளம் ஒன்று அமைந்துவிடும். தண்டை விட்டுக் கொண்டைக்குள் மாறுகிற அந்த ஒரு கணம்தான் மோசம். கை ஒரு மட்டையைப் பிடிக்க வேண்டும். பச்சை மட்டை தாங்கும். பழுத்த மட்டை அடியோடு கழன்று கையோடு வந்துவிடும். பன்னாடைக்குப் பின்னால் குளவிக் கூடு இருக்கலாம். சிவப்புக் கூன்வண்டு உள்ளே குடைந்த மரம் வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே நிற்கும், கொண்டையில் எடை ஏறும்போதுதான் உண்மை தெரியும். ஆக, போன வெட்டில் பழுத்த மட்டையைக் கழிக்காமல் விட்டது, வண்டுக்கு மருந்து வைக்காமல் விட்டது, எல்லாம் இந்த வெட்டில் ஒருவர் விழுவதற்கான காரணங்கள். இரண்டுமே தோப்புப் பராமரிப்பு. ஏறுகிறவர் கையில் இல்லாதவை.

ஏறவே வேண்டாம் என்று கீழே நின்று தொரட்டியால் அறுக்கிறார்கள். விழும் ஆபத்து போய்விட்டது, வேறொன்று வந்துவிட்டது. மூங்கில் இருந்த இடத்தில் இலேசான அலுமினியக் கம்பு வந்த பிறகு, தோப்புக்கு மேலே போகும் மின்கம்பியில் அது பட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. ஓர் ஆபத்தை நீக்கும் கருவி இன்னொன்றைக் கொண்டுவருகிறதா என்று பார்ப்பது பாதுகாப்புத் துறையின் பழைய பாடம். இங்கே அதைக் கற்றவர்கள் விலை கொடுத்துத்தான் கற்றார்கள்.

கருவி பற்றி இன்னும் கொஞ்சம். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய ஏறு கருவி தென்னிந்தியா முழுக்கப் பரவியது. இரண்டு காலுக்கும் இரண்டு மிதிகள், மரத்தைச் சுற்றிக் கம்பி வளையம். ஒன்றில் நின்று மற்றொன்றை உயர்த்த வேண்டும். நின்றுகொண்டே ஏறலாம் என்பதால் மரம் ஏறிப் பழகாதவரும், பெண்களும் கற்றுக்கொண்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்கார்ந்து ஏறும் வகை ஒன்றைச் செய்தது. செம்பேரிக் கருவியில் கால் தவறினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்ற குறையைப் பார்த்து, காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தனியாக ஒரு பாதுகாப்பு இணைப்பை வடிவமைத்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பெயரில் ஆறு நாள் பயிற்சியைத் தொடங்கி, முடித்தவர்களுக்குக் கருவியும் கொடுத்தது. ‘கேர சுரக்ஷா’ என்று விபத்துக் காப்பீடும் வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் தளைக்கயிறு போகவில்லை. பழமைப் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூலி மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கருவியை ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்ற வேண்டும், அடுத்த மரத்துக்குத் தூக்கிப் போக வேண்டும், வளைந்த மரத்தில் அது சரியாக உட்காராது. தளைக்கயிற்றைக் காலில் மாட்டினால் அப்படியே ஏறிவிடலாம். கருவியால் இழக்கும் நிமிடங்களுக்கு யாரும் கூலி தருவதில்லை. அந்த நிமிடங்களை வெட்டுக்கூலியில் சேர்த்துப் பேசினால் கருவி பழகும். பேசாத வரைக்கும் பயிற்சி முகாமில் கொடுத்த கருவி திண்ணையில் சாய்ந்து கிடக்கும்.

இந்த இடத்தில் ஓர் இடைச்செருகல். பீட்டர் பார்ஸ் என்ற மருத்துவர் பப்புவா நியூ கினியின் மில்ன் பே பகுதி மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, தலையில் தேங்காய் விழுந்து காயம்பட்டு வந்தவர்களைப் பற்றி 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2001-இல் அதற்குக் கிடைத்தது. உலகம் சிரித்தது. அதே ஆண்டு அதே மருத்துவர், மரத்திலிருந்து விழுந்து வந்தவர்களைப் பற்றியும் எழுதினார். அது சிரிப்புக்கு உதவவில்லை. அதனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

உயரத்திலிருந்து விழுவதாவது ஒற்றைப் பத்திச் செய்தி ஆகிறது. தரையிலேயே விழுவது செய்திகூட ஆவதில்லை. சமதளத்தில், நின்ற உயரத்திலிருந்து விழுவதற்கு யார் போய்க் காவல்நிலையத்தில் சொல்வார்கள்? எழுந்து, சுற்றிப் பார்த்து, யாரும் பார்க்கவில்லை என்றால் ஆறுதல் அடைந்து, மறுநாள் மணிக்கட்டு வீங்கிய பிறகு கட்டுப்போடப் போவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள்; எதிர்பாராத காயங்களால் நேரும் மரணத்தில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுவதற்கு. அந்த மரணங்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்.

நடப்பது என்பதே ஒவ்வொரு அடியிலும் விழத் தொடங்கித் தப்புவதுதான். முன்னால் போகும் குதிகால் தரையைத் தொடும் கணத்தில் கொஞ்சம் வழுக்கத்தான் செய்கிறது. மூன்று சென்டிமீட்டருக்குள் என்றால் நமக்குத் தெரிவதே இல்லை. பத்தைத் தாண்டினால் உடல் மீட்பது கடினம். தடுக்குவதும் இப்படியே. வீசிப்போகும் கால்விரல் நுனி தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகிறது. அதைவிட உயர்ந்து நிற்கும் எதுவும், பெயர்ந்த டைல்ஸ் ஓரமோ தரையில் இழுத்த கேபிளோ, காலுக்குக் காத்திருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் 36-ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரமாக இருந்தது. 2012-இல் ஒரு திரைப்படக்காரர் அங்கே கேமராவை வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பலரும் அதே படியில் தடுக்குவதைப் படம் பிடித்து வெளியிட்டார். நிலையம் அந்தப் படிக்கட்டைச் சரிசெய்தது. கேமரா வருகிற வரைக்கும் தடுக்கிய ஒவ்வொருவரும் தன் கவனக்குறைவை நொந்துகொண்டுதான் போயிருப்பார்.

வழுக்கலையும் அளக்கலாம். சமதளத்தில் சாதாரணமாக நடக்கக் காலுக்கும் தரைக்கும் இடையே உராய்வு எண் 0.2 அளவுக்காவது வேண்டும். ஜப்பானின் கிட்டாசாட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோஷி மபுச்சியும் உடனிருந்தவர்களும் வாழைப்பழத் தோலை மிதித்து அளந்தார்கள், கிடைத்தது 0.07. தோலின் உட்புறத்தில் உள்ள பசை போன்ற பொருள் நசுங்கி எண்ணெய் மாதிரி வேலை செய்கிறது. 2014-இல் அவர்களுக்கும் ஓர் இக் நோபல். விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் இந்த எண்ணைச் சிரிக்காமல் படிக்கலாம். வாழைமண்டியில் தார் இறக்கும் இடத்தில் நசுங்கிய பழமும் ஈரச் சருகும் நாள் முழுக்கத் தரையில் கிடக்கும். மண்டியிலிருந்து லாரிக்குப் போட்ட ஒற்றைப் பலகையில், முதுகில் சுமையோடு ஏறும் லோடுமேனுக்குத் தன் கால் தெரியாது. அவருடைய ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகம் தேய்ந்து கண்ணாடியாகி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும்.

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டும் அப்படித்தான். வடித்த கஞ்சி, கறி கழுவிய தண்ணீர், எண்ணெய் மூன்றும் சேர்ந்த தரை. பழைய மண்டபங்களில் சொரசொரப்பான சிமெண்டோ கொத்திய கல்லோ இருந்தது. அம்மியைக் கொத்திக்கொள்ளத் தெரிந்த ஊருக்கு, பிடிப்புக்காகக் கல்லைச் சொரசொரப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம். இப்போது கூடத்துக்குப் போட்ட பளபளப்பு டைல்ஸையே மிச்சம் வீணாகாமல் சமையற்கட்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஈரத்தில் பிடிமானம் எவ்வளவு என்று பார்க்க ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு: ரப்பர்க் குதிகால் கட்டிய ஓர் ஊசல் தரையை உரசிப் போகும். பிரிட்டனில் அதில் 36 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் வழுக்கும் வாய்ப்பு குறைவு என்கிறார்கள். இங்கே டைல்ஸ் கடையில் நிறம் கேட்போம், விலை கேட்போம்.

சட்டம் தரையை மறந்துவிடவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு தரை, படிக்கட்டு, நடைபாதை எல்லாம் உறுதியாகக் கட்டிப் பராமரிக்கப்பட வேண்டும் என்றது. தடைப்பொருளும் வழுக்கும் பொருளும் அங்கே கிடக்கக் கூடாது என்ற சொற்களைச் சேர்த்தது 1976-ஆம் ஆண்டுத் திருத்தம். வேலையால் நனையும் தரைக்கு வடிகால் வேண்டும் என்றது 11-ஆம் பிரிவு. குழிக்கும் தொட்டிக்கும் மூடியோ வேலியோ வேண்டும் என்றது 33. திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளின் சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் நின்று படித்தால் இந்த மூன்று பிரிவும் அங்கேயே உட்கார்ந்து எழுதியது போல இருக்கும்.

ஆனால் எவ்வளவு செய்தால் போதும்? இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலைக்குள் பெருமழை வெள்ளம் புகுந்து, தரைக் கால்வாயில் ஓடிய எண்ணெயோடு கலந்து, வடிந்த பிறகு தரை முழுக்க எண்ணெய்ப் படலமாக நின்றது. கையில் இருந்த மரத்தூளையெல்லாம் தூவினார்கள். எல்லா இடத்துக்கும் போதவில்லை. தூவாத இடத்தில் லாட்டிமர் என்ற தொழிலாளி வழுக்கி விழுந்து, பீப்பாயில் கணுக்கால் நசுங்கியது. முதல் நீதிபதி நிறுவனத்தின் மேல் குற்றம் கண்டார். 1953-இல் பிரபுக்கள் அவை மறுத்துவிட்டது: நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார்கள், ஆலையையே மூடச் சொல்ல முடியாது. சட்டப்படி சரியாக இருக்கலாம். மரத்தூள் எட்டாத இடத்தில் கயிறு கட்டி ஆளை வராமல் தடுக்க எவ்வளவு செலவாகியிருக்கும் என்பது என் கேள்வி.

‘யார் தவறு’ என்ற கேள்வியையே ஓரம் கட்டிய சட்டம் ஒன்று இந்தியாவில் நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்ததா என்பதுதான் கேள்வி. முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளி குடித்திருந்தார், கட்டளையை மீறினார் என்ற வாதங்கள்கூட மரணம் என்று வந்துவிட்டால் எடுபடாது. அதன் அட்டவணையில் பனைமரம் சீவுகிறவர்களும் இடம்பெற்றிருந்தார்கள். அதாவது, வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் ‘தவறி விழுந்தார்’ என்ற வாக்கியத்தில் ‘தவறி’யை அடித்துவிட்டு ‘விழுந்தார்’ என்பதை மட்டும் படித்தது. அந்தக் கொள்கை சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்திருக்கிறது.

தடுப்புச் சட்டங்கள் அவ்வளவு தாராளம் இல்லை. 1948 சட்டத்துக்கு மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை; 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை இருபது ஆக்கியது. ஆத்தூரிலிருந்து அதிக தூரம் இல்லாத சின்னாளபட்டியில் நெசவாளர் வீட்டுக்குள்ளேயே குழித்தறி இருக்கும். கால் மிதி இயங்க வீட்டுத் தரையில் வெட்டிய பள்ளம். அது 33-ஆம் பிரிவு சொன்ன குழியேதான். வீடு தொழிற்சாலை ஆகாது என்பதால் பிரிவு வாசலில் நின்றுவிட்டது. இருட்டில் எழும் பாட்டிக்கும் தவழும் குழந்தைக்கும் அந்தக் குழியின் ஓரம் தெரிய வேண்டும் என்று ஒரு பலகையைப் போட்டு மூடி வைப்பது வீட்டார் வழக்கமே தவிர, விதி அல்ல. மூன்று பேர் வெட்டும் தென்னந்தோப்புக்கும் இதே கதை.

எழுதாத விதிகள் அங்கேயும் இருக்கின்றன. கயிற்றை ஈரத்தில் போட்டு வைக்கக் கூடாது. முறுக்குப் பிரிந்த கயிற்றில் ஏறக் கூடாது. ஏறுகிறவரிடம் கீழே நின்று பேச்சுக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரியது, மழை பெய்து மரம் காயும் வரை ஏறுவதில்லை என்பது. நனைந்த பட்டையும் அதன் மேல் படர்ந்த பாசியும் வழுக்கும் என்பதை எந்த ஊசலும் இல்லாமல் உள்ளங்காலால் அளந்து வைத்த விதி. ஐப்பசியில், கீழ்ப்பழனி மலை மேல் மேகம் இறங்கி ஆத்தூர்த் தோப்புகள் இரவெல்லாம் நனைந்த பிறகு, காலையில் ஏறுகிறவர் மரத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். பத்து மணி வெயில் வந்தால் காய்ந்துவிடும். இன்னும் மூன்று மணி நேரம். வியாபாரி அனுப்பிய லாரி வந்து வரப்போரம் நிற்கிறது. ஓட்டுநர் இறங்கி வந்து, எப்போது ஏற்றலாம் என்று கேட்கிறார்.